நான் பொறுக்கித் தந்த நாலு டயர்

மூன்று வருடம் ஆகிறது. அது நவம்பர் மாதம், ஸ்ரீபெரும்புதூரில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. எனக்கு ஒரகடத்தில் கார் டயர் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை. கடைசிப் பரிசோதனைப் பிரிவு. வரிசையாக வரும் டயர்களை உள்ளும் புறமும் கையால் தடவி, குமிழி இருக்கிறதா, வெட்டு இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. ஆனால் சொந்த ஊரான விருதுநகர்ப் பக்கம் போனால், 'டயர் இன்ஜினீயர்' என்று சொல்லிக்கொள்வேன். படித்தது ஐ.டி.ஐ.

நான் குடியிருந்த வீட்டுக்கு எதிரே ஒரு லாட்ஜ். அங்கே தங்கும் வெளியூர் அதிகாரிகளைக் காலையில் தொழிற்சாலைக்குக் கொண்டு விட்டு, சாயங்காலம் கூட்டி வரும் கார் டிரைவர் ஒருவர் எனக்குப் பழக்கம். சொந்தக் கார். வடக்குப்பட்டுக்காரர், வயது ஐம்பது இருக்கும். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். எனக்குக் குழந்தை பிறந்த அன்று, மழைத் தண்ணீர் சக்கரம் முழுகும் அளவுக்கு நின்ற தெருவில் காரை இறக்கி, என் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர். இருபத்தைந்து வருடமாக ஓட்டுகிறார், ஒரு கீறல் கிடையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எனக்கு அது பிடிக்கும்.

வருடத்தில் இரண்டு மூன்று முறை அந்த அதிகாரிகள் குடும்பத்தோடு ஊட்டிக்கோ ஏற்காட்டுக்கோ போவார்கள். போன தடவை ஊட்டி மலையில், மழையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி கொஞ்சம் வழுக்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அது அவர் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. டிசம்பரில் மறுபடி ஊட்டி சவாரி வந்தது. டீக்கடையில் என்னைப் பிடித்தார்.

"இன்னா தம்பி, டயர் கம்பெனில கீற. மலைக்கு நல்லா புடிக்கிற மாதிரி டயரா ஒண்ணு சொல்லேன். எப்பனா போறதுதான், ஆனா பயந்துக்கினு ஓட்ட முடியாது."

எப்போதாவது போகிற மலைக்காக டயர் மாற்ற வேண்டுமா, இருக்கிற டயரிலேயே காற்றைச் சரி பார்த்து மெதுவாகப் போனால் போதாதா என்று கேட்டிருக்க வேண்டும். அதற்குத்தான் எனக்குப் புத்தி இல்லை. நம்மை நம்பி ஒருவர் கேட்கிறார் என்ற சந்தோஷத்தில் அவரை நேராகப் பழைய டயர் கடைக்குக் கூட்டிப் போனேன். வெளிநாட்டில் ஓடிக் கழித்த டயர்களை வாங்கி விற்கும் கடை அது. குவியலில் ஒரு செட் என் கண்ணில் பட்டது. பக்கவாட்டில் மூன்று சிகரம் வைத்த சின்ன மலை, அதற்குள் ஒரு பனித்துகள். ஏற்றுமதிக்காக எங்கள் லைனில் வரும் சில டயர்களிலும் அதே முத்திரை இருக்கும். பனி கொட்டும் நாடுகளில் குளிர்காலத்துக்கு மாட்டுவது. தரையைக் கவ்வும் பட்டன் வரிகள் ஆழமாக இருந்தன. விரலால் அழுத்தினால் ரப்பர் மெத்தென்று உள்வாங்கியது.

பனிக்கட்டி மேலேயே வழுக்காத டயர் ஊட்டி மழையில் வழுக்குமா? இதுதான் என் கணக்கு. பனியை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அது பனி ஊரு ரப்பர் சார். நம்ம வெயிலுக்கு ஆவாது. சும்மா கிடக்குதேன்னு போட்டு வெச்சிக்கீறேன். வேற எடுத்துக்கோங்க."

விற்கிறவனே வேண்டாம் என்கிறான். அதையாவது கேட்டிருக்கலாம். நான் சட்டைப் பைக்குள் இருந்த கம்பெனி அட்டையை எடுத்து வெளியே தொங்கவிட்டுக்கொண்டு, "எனக்கே டயர் பாடமா? ஒரு நாளைக்கு எத்தனை டயர் என் கையில போகுதுன்னு தெரியுமா?" என்றேன். அவர் டயர்களை உருட்டி வெளியே எடுத்தார். இந்தப் பக்கத்தில் கம்பெனி அட்டைக்கு அப்படி ஒரு மரியாதை. அண்ணனும் கடைக்காரரைப் பார்த்து, "தம்பிக்குத் தெரியாததாப்பா" என்றார். நாலு டயரும் மாட்டியாயிற்று. பழைய நாலையும் அந்தக் கடையிலேயே போட்டுவிட்டு வந்தோம்.

ஊட்டிக்குப் போய் வந்து என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. குளிரிலும் மழையிலும் வண்டி தரையைக் கவ்விக்கொண்டு போனதாம். லாட்ஜ் வாசலில் மற்ற டிரைவர்களிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். எனக்கும் தலை கால் புரியவில்லை. இரண்டு பேர் என்னிடம் வந்து டயர் பற்றி யோசனை கேட்டார்கள், சொன்னேன்.

வெயில் ஏற ஏற அண்ணன் ஒரு தடவை சொன்னார், "வளைக்கச் சொல்லோ மெத்த மேல போற மாதிரி கீது தம்பி." புது டயர் அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். வெளிநாட்டில் ஓடிக் கழித்து, இங்கேயும் நாலு மாதம் ஓடிய டயர் எப்படிப் புது டயர் ஆகும் என்று நானும் யோசிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

மே மாதம், மதியம் இரண்டரை மணி. ஒரகடம் கூட்ரோட்டைத் தாண்டி அவர் கார் வந்துகொண்டிருந்தது. ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் முதல் ஷிப்ட் முடித்த பெண் ஒருத்தி, எதிர்ப்பக்கம் நின்ற பஸ்ஸைப் பிடிக்கச் சாலையைக் கடந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் இருந்தாள். அண்ணன் தூரத்திலேயே பார்த்துவிட்டார். பிரேக்கை அழுத்தினார். நின்றுவிடும் என்று அவர் கணக்குப் போட்ட இடத்தில் வண்டி நிற்கவில்லை. ஒரு ஆள் நீளம் தாண்டிப் போய் நின்றது. அந்தப் பெண்ணின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து காரைப் பார்த்தார். பிரேக் சரியாக இருக்கிறது, டயரிலும் பட்டன் இருக்கிறது, வண்டியில் குறை இல்லை என்று எழுதிவிட்டார். பிறகென்ன, ஓட்டியவர்தான் குறை. ஐம்பது வயது, சர்க்கரை வேறு, கால் மரத்திருக்கும் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அண்ணனே அதை நம்பிவிட்டார். "மனசு சொல்லிச்சி, காலு லேட்டாயிட்சி தம்பி" என்று என்னிடம் சொன்னார். யாரோ டயரைப் பற்றி இழுத்தபோது, அந்த நிலைமையிலும், "டயரு தம்பி எடுத்துக் குட்த்தது, அத்த சொல்லாத" என்று அடக்கினார். காரைத் தார்ப்பாயால் மூடி வைத்துவிட்டு ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்தார். வருகிற கார்களுக்கு கேட்டைத் திறந்துவிடும் வேலை.

ஜூலையில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. ஏற்றுமதி டயர்களைப் பற்றி ஒரு அதிகாரி திரையில் படம் போட்டு விளக்கினார். பனிக்கால டயரின் ரப்பர் குளிரில் இறுகிவிடாமல் இருப்பதற்காக மென்மையாகச் செய்யப்படுகிறது. அதே டயர் வெயில் காலச் சாலையில் குழைந்துபோகும், பிரேக் பிடித்தால் கூடுதல் தூரம் ஓடித்தான் நிற்கும். அங்கெல்லாம் குளிர் முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவார்கள் என்றார். என் பக்கத்தில் இருந்தவன் கொட்டாவி விட்டான்.  என் கை தானாக நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தது. என்ன எழுதினேன் என்று இன்றுவரை தெரியாது.

அன்று சாயங்காலமே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றேன், ஞாயிற்றுக்கிழமை என்றேன், சம்பளம் வரட்டும் என்றேன். சொல்லி என்ன ஆகப் போகிறது, அந்தக் கால் சேர்ந்துவிடுமா என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். என் கம்பெனி பஸ் தினமும் அவர் நிற்கும் கேட்டைத் தாண்டித்தான் போகும். நான் மறுபக்கத்து சீட்டில் உட்கார ஆரம்பித்தேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வடக்குப்பட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி டீ போட்டு வந்து வைத்தார். அது ஆறும்வரை வேறு எதையெதையோ பேசிவிட்டு, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரர் அன்றைக்கே சொன்னதையும் நினைவுபடுத்தினேன்.

அவர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். பாதத்தை மெல்லத் தூக்கித் தரையில் அழுத்தினார். இன்னொரு தடவை அழுத்தினார்.

"அப்ப என் காலு லேட்டாவல?"

"இல்லண்ணே. நீங்க சரியாத்தான் அழுத்தியிருக்கீங்க."

"இது உனுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம், வாயில் வரவில்லை. "நாற்பது நாளாச்சுண்ணே."

"நாப்பது நாளு" என்றார். கோபமே இல்லாத குரல். "நாப்பது நாளா உன் பஸ்ஸு அந்தாண்ட போவுது, நான் கேட்டாண்ட நின்னுக்கினு கீறேன். வெயில்ல நிக்கிறது பெர்சு இல்ல தம்பி. அந்தப் பொண்ணு நடக்க முட்யாம கெடக்குது, என் காலாலதானேன்னு நெனச்சிக்கினே நிப்பேன்." டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "டீயக் குட்ச்சிட்டுக் கெளம்பு" என்றார். குடித்தேன். 

அண்ணனோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது வாங்கிய அந்தப் பெண்ணின் நம்பர் என்னிடம் இருந்தது. அன்றைக்கே கூப்பிட்டு, தவறு டிரைவருடையது இல்லை, என்னுடையது என்று சொன்னேன். ஊருக்கே திரும்பிப் போயிருந்தாள். தற்காலிக வேலை என்பதால் அதுவும் போயிருந்தது. பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "பாவம் அந்தப் பெரியவரு, ஆஸ்பத்திரில வந்து அழுதாரு. அவருட்ட சொல்லிட்டீயளா?" என்றாள். சொல்லிவிட்டேன் என்றேன். "அப்ப சரிண்ணே" என்று வைத்துவிட்டாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த மாதமே அண்ணன் புது டயர் மாட்டிக் காரை எடுத்துவிட்டார். இப்போது தினமும் காலையில் எங்கள் தெருவில்தான் வருகிறார். ஹாரன் அடிக்காமல், அவசரம் இல்லாமல், முன்பு போலவே அழகாக ஓட்டுகிறார். என்னைப் பார்த்தால் மட்டும் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார். என் பையனைப் பார்த்தால் கை காட்டுகிறார்.

தெரியாமல் டயரைத் தப்பாக எடுத்துக் கொடுத்ததற்கு என்னை நான் என்றைக்காவது மன்னித்துவிடுவேன். தெரிந்த பிறகும் ஒரு நல்ல மனிதரைத் தன் காலையே சந்தேகப்பட்டு நிற்க விட்டேனே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.