மூத்தாள் போட வேண்டிய விதை

மழை விழுந்து பதினோரு நாள் ஆகிவிட்டது. மேட்டில் எல்லார் நிலத்திலும் சோளம் ஊசி ஊசியாகத் தலைகாட்டியிருந்தது. ஒடேரா வீட்டு நிலம் மட்டும் கொத்திப் போட்டபடி வெறுமையாகக் கிடந்தது.

கொத்திப் போட்டவள் அமோண்டி, ஒடேராவின் இளையாள். ஒடேரா படகு கவிழ்ந்து செத்து ஐந்து வருஷம். அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூன்று வருஷத்துக்கு முன்பு ஏரி ஏறி வந்து கீழ் நிலத்தை எடுத்துக்கொண்டது. பிறகு திரும்பிப் போகவில்லை. அவள் மரவள்ளி நட்ட இடத்தில் இப்போது நீர்யானைகள் முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கின்றன. மிஞ்சியது மேட்டில் ஒரு துண்டு. அதைக் கொத்த ஆறு நாள் பிடித்தது. விதைச் சோளம் சாம்பல் கலந்து சுரைக்குடுவையில் இருந்தது.

ஆனால் அவள் விதைக்க முடியாது. வீட்டின் மூத்தாள் முதல் விதை போட வேண்டும். அதற்கு முன் இளையாள் போட்டால் அந்த வீட்டில் சாவு விழும். மூத்தாள் அபுயா முற்றத்தின் மறுபக்கத்துக் குடிசையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். போன வருஷம் வரை வயிற்றுக்காக விதைத்தாள். இந்த வருஷம் கட்டிக்கொடுத்த மகள் மாவு அனுப்புகிறாள். தனக்கு நிலம் தேவையில்லை என்று சொல்லிவிட்டாள்.

காலையில் அமோண்டி கரைக்குப் போனாள். ஆகாயத்தாமரை காற்றில் ஒதுங்கிப் படகுத்துறையில் பாதியை மூடியிருந்தது. பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகுகளை எதிர்பார்த்திருந்தார்கள். ஒமேனா, நெத்திலியைவிடச் சின்ன மீன், வாளி வாளியாக இறங்கியது. பழைய வலைகளை மணலில் விரித்து அதன்மேல் மீனைக் காயப்போட வேண்டும். நாரைகளை விரட்ட வேண்டும். மழை வந்தால் எல்லாம் அழுகிப்போகும்.

"உன் மூத்தா இன்னும் எழுந்திரிக்கலையா?" என்றாள் பக்கத்து வீட்டு அதோங்கோ.

"எழுந்திரிச்சா. முற்றத்தைப் பெருக்கினா. திரும்பப் போய் உக்காந்துட்டா."

"உன் புள்ளைங்களுக்கு இந்த வருஷம் அவ துடைப்பத்தைத்தான் கிண்டிப் போடணும் போல."

பெண்கள் சிரித்தார்கள். அமோண்டியும் சிரித்தாள். படகுக்காரன் ஒலாங் வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"இந்தா, இது உனக்குன்னே எடுத்து வச்சது. சாயங்காலம் என் கொட்டாய்க்கு வா. தினம் ஒரு வாளி."

"உன் பொண்டாட்டிய அனுப்பு, வாங்கிக்கறேன்."

"நாக்கு மட்டும் நல்லா நீளம். களிக்கு மாவு இருக்கா வீட்டுல?"

ஒடேரா செத்த வருஷம் அமோண்டி நாலு மாதம் அந்தக் கொட்டகைக்குப் போயிருக்கிறாள். அடுத்த வருஷம் சோளம் விளைந்ததும் நிறுத்தினாள். ஒலாங்குக்கும் அது தெரியும். நிலம் வெறுமையாகக் கிடப்பதும் தெரியும்.

அவள் வெறும் வாளியோடு நேராக அபுயாவின் குடிசைக்குப் போனாள். எட்டு வருஷமாக அந்த வாசலை அவள் மிதித்ததில்லை. வெளியிலேயே மண்டியிட்டாள்.

"அக்கா, விதை போடு."

"யாருக்காக?"

"புள்ளைங்களுக்காக."

"எனக்கும் ஒரு புள்ளை இருந்தான்."

எட்டு வருஷத்துக்கு முன்பு அபுயாவின் மகன் ஒகேயோவுக்கு நாலு வயது. விதைப்புக்கு முன்பே அமோண்டியின் குடிசைக்குப் பின்னால் பூசணிக்கொடி ஒன்று முளைத்திருந்தது. அந்த வாரம் பையனுக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் காற்று திரும்பி ஆகாயத்தாமரை துறையை முழுதாக அடைத்துக்கொண்டது. எதிர்க்கரை மருந்தகத்துக்குப் படகு போக முடியவில்லை. மூன்றாம் நாள் பையன் செத்துப்போனான். பூசணிக்கொடியை அபுயா வேரோடு பிடுங்கி ஊரார் முன்னால் போட்டாள்.

"நான் விதைக்கல அக்கா. பூசணிக் குடலைக் கோழிக்குக் கொட்டினேன். அது தானா முளைச்சுது."

"தானா." அபுயா வாசலுக்கு வெளியே துப்பினாள். "இதையே எத்தனை தடவை சொல்லுவ? எனக்கு ஒண்ணு மட்டும் வேணும். வேணும்னே விதைச்சேன்னு உன் வாயால சொல்லு. நாளைக்கே மண்வெட்டிய எடுக்கறேன்."

அமோண்டி திரும்பி நிலத்தைப் பார்த்தாள். கொத்திய கட்டிகள் வெயிலில் வெளுக்க ஆரம்பித்திருந்தன. இன்னும் நாலு நாள் போனால் விதைத்தும் பயனில்லை. குடலைக் கொட்டியபோது உள்ளே கொட்டை இருந்தது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அது விதைப்பா, இல்லையா என்று பல நாள் யோசித்திருக்கிறாள். இல்லை என்றுதான் ஒவ்வொரு தடவையும் முடிவுக்கு வந்தாள்.

"விதைச்சேன்" என்றாள்.

"சத்தமா."

"விதைச்சேன். உனக்கு முன்னாடி. வேணும்னேதான்."

அபுயா கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துத் தலை குனிந்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"சரி, போ. விடியட்டும்."

விடிந்ததும் அபுயா மண்வெட்டியோடு வந்தாள். நிமிர முடியாத முதுகு. குழி வெட்டினாள், மூன்று சோள மணி போட்டாள், காலால் மண்ணைத் தள்ளி மூடினாள். அடுத்த குழி. அமோண்டி வரப்பில் குடுவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்படியே முதல் வரிசை முடிந்தது.

கடைசிக் குழியை மூடிவிட்டு அபுயா மண்வெட்டிமேல் சாய்ந்தாள். அவள் முகம் எதையோ இறக்கி வைத்தது போல இருந்தது.

"ஜுரம் கண்ட அன்னைக்கு வழி திறந்துதான் இருந்துச்சு. படகும் நின்னுச்சு. நான்தான் வேரைக் கசக்கிக் குடுத்துட்டு, காலையில பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்." கால்விரலால் ஒரு மண்கட்டியை உடைத்தாள். "ஊருக்கு முன்னால உன்னச் சொன்னேன். உள்ளுக்குள்ள என்னைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். எட்டு வருஷம், அமோண்டி. நேத்துதான் தூங்கினேன்."

எட்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

அமோண்டிக்கு வாய்வரை வந்தது. வரிசை முடிந்துவிட்டது, போட்ட விதையை யாரும் திருப்பி எடுக்க மாட்டார்கள். இப்போது உண்மையைச் சொன்னாலும் நிலம் போகாது. கிழவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நன்றி மாதிரி ஒன்று இருந்தது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல அக்கா."

"தண்ணி எடுக்கப் போனப்ப, நீ ஒத்துக்கிட்டத அதோங்கோகிட்டயும் சொல்லிட்டேன். கோவத்துல இல்ல. யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு."

வேலிக்கு அப்பால் அதோங்கோ மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நேற்று சிரித்தவள் இன்று நிமிரவில்லை. அமோண்டியின் கடைசிப் பெண் வேலியோரம் அவள் மகளோடு விளையாடப் போனது. அதோங்கோ வந்து தன் மகளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"நிக்காத. ஈரம் இருக்கும்போதே போடு" என்றாள் அபுயா. "ரெண்டு மணி போடாத, எறும்பு தின்னுடும்."

அமோண்டி குனிந்து இரண்டாம் வரிசையை வெட்ட ஆரம்பித்தாள்.