கேபிள் காருக்குக் கை தூக்கிய கதை

இன்று காலை கற்பிட்டியில் ஒரு நடைச் சுற்றுலாவுக்குப் போனேன். நடத்துவது கொழும்புக் கம்பெனி ஒன்று; உள்ளூர்ச் சனத்துக்கு இலவசமாம்.

எங்கள் ஊரை எங்களுக்கே சுற்றிக்காட்ட, அதுவும் காசு வாங்காமல், கொழும்பிலிருந்து ஏன் வருகிறார்கள்? அப்போதே மனசு உறுத்தியது. ஆனாலும் போனேன்.

வழிகாட்ட வந்த தம்பி கோட்டையைப் பற்றி இரண்டு வசனம் சொன்னார். பிறகு நேரே கடற்கரைக்குக் கூட்டிப்போனார்.

"இங்க இருந்துதான் தீவுக்குக் கேபிள் கார் போகப் போகுது. இந்த இடம் சும்மாதானே கிடக்கு?"

கூட வந்த றசீது நானா கடல்தொழில் செய்கிறவர். அவருக்கு முகம் மாறிவிட்டது.

"ஆரு தம்பி சும்மா எண்டு சொன்ன? இது நாங்க கரைவலை இழுக்கிற பாடு, எங்கட தொழில் இடம். இப்ப சோளகக் காத்து அடிக்குது, வலை இழுக்க ஏலா. காத்து மாறினாப் பொறகு வந்து பாருங்க, கால் வைக்க இடமிருக்காது."

"நல்லது நானா, நல்லது" என்று தம்பி சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் எல்லாரையும் அந்த மணலிலேயே நிற்கவைத்துப் படம் எடுத்தார்.

"எல்லாரும் சந்தோசமாக் கையைத் தூக்குங்க!"

தூக்கினோம்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் உறைத்தது. எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் கை தூக்கினால் சம்மதம் என்று அர்த்தம்.

அந்தப் படத்தை எங்கேயாவது கண்டால் உடனே சொல்லுங்கள். றசீது நானா கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கி நிற்பது நான்தான்.