லோர்னா ஹெப்டனின் சைலன்சர்

லோர்னா ஹெப்டனுக்கு அறுபத்தொரு வயது. அதில் இருபத்திரண்டு வருஷம், ஸ்காட்லாந்து எல்லைக்குத் தெற்கே ஹாதர்பெக் பள்ளத்தாக்கில் பஸ் ஓட்டியே கழிந்தது. முழங்கால் தேய்ந்து கிளட்சை மிதிக்க முடியாமல் போனபோது வேலையை விட்டாள், வாயை விடவில்லை. டிக்கெட் எடுக்காமல் நழுவப் பார்த்தவனையும், செம்மறி மந்தையோடு நடுரோட்டை அடைத்து நின்றவனையும் ஒரே சுருதியில் திட்டிப் பழகிய வாய் அது.

வீட்டில் சும்மா உட்கார அவளுக்கு வரவில்லை. வெடிமருந்து இல்லாமல் காற்றழுத்தத்தில் சுடும் ஏர்கன் ஒன்று வாங்கினாள். தகர டப்பாவைச் சுட்டுச் சுட்டுக் கை பதிந்ததும் பண்ணைகளில் எலி சுடப் போனாள். முதலில் சிரித்தவர்கள், ஒரே காலையில் அவள் வாளி நிறைய எலி கொண்டுவந்து கொட்டியதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

அவளை அதிகம் கூப்பிட்டவன் கிளைவ் ரிக். நாலாயிரம் முட்டைக்கோழி வைத்திருந்தான். எலி மருந்து வைக்க அவனுக்கு மனசில்லை. மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் ஆந்தையும் சாகும், முட்டை வாங்குகிறவர்களும் முகம் சுளிப்பார்கள். சுடுவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. விடியற்காலையில் தீவனத் தொட்டிக்கு அடியில்தான் எலி வரும். அந்த நேரத்தில் கோழிகளும் கொட்டகைக்குள்தான் இருக்கும். கோழிக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது. ஒன்று மிரண்டால் அத்தனையும் மிரண்டு ஒரே மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் சிக்கியவை மூச்சுமுட்டிச் சாகும். அதனால் லோர்னா கொட்டகைக்கு வெளியிலேயே நின்று, வாய்க்கால் ஓரம் அகப்பட்டதைச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

பண்ணையை ஒட்டியிருந்த பழைய கல் களஞ்சியத்தை லண்டனிலிருந்து வந்த ஏட்ரியன் பெல்லம் வாங்கி, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு விடுதியாக மாற்றியிருந்தார். ஒரு நாள் காலையில் கல் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"மேடம், காலங்காத்தால டப்பு டப்புன்னு அடிக்கிறீங்க. என் விருந்தாளிங்க நிம்மதியா தூங்கத்தான் இவ்வளவு தூரம் வர்றாங்க. கொஞ்சம் சத்தமில்லாம பண்ணக் கூடாதா?"

மனுஷன் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்றுதான் லோர்னாவுக்கும் பட்டது. அன்றைக்கே துப்பாக்கிக் கடைக்குப் போய் ஒரு சைலன்சர் வாங்கினாள். கைவிளக்கு நீளத்தில் ஒரு கறுப்புக் குழல்; குழாய் முனையில் திருகி மாட்டினால் வேலை முடிந்தது. லைசென்ஸ் வேண்டுமா என்று கேட்டாள். "ஏர்கன்னுக்குப் போடறதுக்கு எதுக்கும்மா லைசென்ஸ்? எல்லை தாண்டி ஸ்காட்லாந்து போனாத்தான் ஏர்கன்னுக்கே சீட்டு வேணும். இங்க விசை வரம்பு மீறாத துப்பாக்கியா இருந்தா ஒண்ணும் வேணாம்," என்றார் கடைக்காரர்.

சினிமாவில் வருவதுபோல் சத்தம் சுத்தமாக அற்றுப்போகவில்லை. யாரோ தும்மலை அடக்கிக்கொண்ட மாதிரி ஒரு 'புஸ்'. அவ்வளவுதான். மறுநாள் லோர்னா முதல்முறையாகக் கொட்டகைக்குள் உட்கார்ந்து சுட்டாள். பத்தடி தள்ளியிருந்த கோழி தலையைக்கூடத் திருப்பவில்லை. முன்பெல்லாம் ஒரு எலி விழுந்ததும் மற்றவை ஓடி ஒளியும். இப்போது பக்கத்திலிருந்தது விழுந்ததே தெரியாமல் இன்னொன்று தின்றுகொண்டிருந்தது.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. நாலாம் வாரம் பெல்லம் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். குழல் மாட்டிய துப்பாக்கியும் கையுமாக லோர்னா நடந்து போவதைக் கண்டார். உள்ளே போய்ப் போலீசுக்குப் போன் செய்தார்.

அரை மணி நேரத்தில் இரண்டு கார்கள் வந்தன. கவச உடுப்பு போட்ட நாலு போலீஸ்காரர்கள் துப்பாக்கியை நீட்டியபடி முற்றத்தில் பரவி நின்றார்கள். லோர்னா அப்போதுதான் கொட்டகையிலிருந்து வெளியே வந்தாள். தோளில் துப்பாக்கி, கையில் வாலைப் பிடித்துத் தூக்கிய எலி.

"துப்பாக்கிய கீழ வை! கையத் தூக்கு!"

துப்பாக்கியை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள். "எலிய என்ன பண்றது? போடவா, தூக்கிட்டே நிக்கவா?"

அவர்களில் இளையவன் ஒருவனின் முகம் அவளுக்குத் தெரிந்த முகம். "டேய், நீ டாரன் ஸ்டாப்ஸ்தானே? ஸ்கூலுக்குப் போறப்ப என் பஸ் பின்சீட்டுல தெனமும் வாந்தி எடுப்பியே. உனக்கு எத்தன தடவ வாளி கொண்டாந்திருக்கேன், எனக்கே துப்பாக்கி காட்றியா?"

டாரனுக்குக் காது சிவந்தது. "ஆன்ட்டி, தயவுசெஞ்சு கையத் தூக்கிட்டே பேசுங்க," என்றான்.

துப்பாக்கியையும் குழலையும் எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்து போலீஸ் சார்ஜென்ட் ஃபென்விக் வீட்டுக்கு வந்தார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். சமையலறை மேசையில் ஒரு தாளை விரித்தார்.

"இங்க பாருங்க மிஸஸ் ஹெப்டன். இந்த சைலன்சர் நிஜத் துப்பாக்கிக்கும் பொருந்துது. அதே திருகு, அதே அளவு. லைசென்ஸ் இல்லாம வெச்சிருந்தா பெரிய குத்தம். உங்க வயசுக்கு அதெல்லாம் எதுக்கு? ரெண்டும் எனக்கு வேணாம், அழிச்சிடுங்கன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. விஷயம் இதோட முடிஞ்சுது."

லோர்னா தாளைப் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"நான் குத்தம் பண்ணியிருந்தா கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பண்ணலைன்னா என் பொருளக் குடுங்க. இது ரெண்டுக்கும் நடுவுல இந்தத் தாளு எங்கேருந்து வந்துச்சு?"

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லது எனக்குத் தெரியும் சார். டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

வழக்கும் வரவில்லை, பொருளும் வரவில்லை. ஒரு மாதம் ஓடியது. கொட்டகையில் எலி பெருகியது. பொறுக்க முடியாமல் கிளைவ் அடுத்த ஊரிலிருந்து ஒருவனை வரவழைத்தான். அவன் துப்பாக்கிக்கு சைலன்சர் கிடையாது. கொட்டகைக்குள் அவன் அடித்தது இரண்டே வேட்டு. அன்று கிழக்கு மூலையிலிருந்து கிளைவ் எண்பத்து மூன்று செத்த கோழிகளை அள்ளினான்.

நேராக லோர்னா வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினான். பூட்ஸில் இன்னும் இறகு ஒட்டியிருந்தது.

"ஏன் லோர்னா இந்தப் பிடிவாதம்? அந்தப் பாழாப்போன தாள்ல கையெழுத்தப் போட்டுட்டு வேற ஒண்ணு வாங்கிக்கக் கூடாதா? செத்தது என் கோழி!"

"புதுசு வாங்கினா அதையும் தூக்கிட்டுப் போவாங்க. அப்புறம் மேட்டுப் பண்ணை டெரெக்கோடத எடுப்பாங்க. அவனும் பயந்து கையெழுத்துப் போடுவான். கடைசில சட்டத்துல இல்லாத ஒண்ணு இந்தப் பள்ளத்தாக்குல சட்டமாயிடும். எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணு கிளைவ். அந்த எண்பத்து மூணையும் போட்டோ எடுத்து வெச்சிருக்கியா?"

கிளைவ் பூட்ஸில் ஒட்டிய இறகைத் தட்டி உதறினான். பிறகு போனை எடுத்துக் காட்டினான்.

வக்கீல் வைக்கவில்லை. நூலகத்தில் உட்கார்ந்து படித்து, போலீஸ் பிடித்து வைத்த பொருளைத் திருப்பித் தரச் சொல்லி மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குத் தானே மனு எழுதினாள். துப்பாக்கியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்களா, அனுப்பியிருந்தால் அறிக்கை எங்கே என்று போலீசுக்கு மூன்று கடிதம் போட்டாள். மூன்றாவதற்குப் பதில் வந்தது. உள்ளே அறிக்கையும் இருந்தது.

விசாரணை நாளன்று பெஞ்சில் மூன்று மாஜிஸ்திரேட்டுகள். நடுவில் தலைமை தாங்கியது நரைத்த தலையோடு ஒரு அம்மாள். போலீஸ் தரப்பு வக்கீல் இளைஞர். சைலன்சர் என்பது ஒளிந்து சுடுகிறவர்களின் கருவி என்று ஆரம்பித்தார்.

லோர்னா எழுந்தாள். "நான் இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன் சார். அதுலயும் சைலன்சர் இருந்துச்சு. திருட்டுத்தனமா யாரு மேலயோ ஏத்தத்தான் மாட்டியிருக்கேன்னு ஒருத்தரும் சொல்லல."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் அறிக்கையை எடுத்து வாசித்தாள். துப்பாக்கியின் விசை சட்டம் சொன்ன வரம்புக்குக் கீழே. குழலுக்குள் வெடிமருந்துக் கரி துளிகூட இல்லை; நிஜத் துப்பாக்கியில் அதை மாட்டியதே இல்லை என்று அர்த்தம். "நிஜத் துப்பாக்கிக்குப் பொருந்தும்னு சொல்றாங்க. என் கார் சாவி உங்க கார்க் கதவுல நுழையலாம். அதுக்காக நான் கார் திருடியா? எங்கிட்ட வேற துப்பாக்கி கிடையாது. வாங்கற எண்ணமும் கிடையாது."

கிளைவ் சாட்சிக்கூண்டில் ஏறிக் கோழிகளின் படத்தைக் காட்டினான். "சத்தமில்லாத துப்பாக்கில ஒரு கோழியும் சாகல. சத்தமுள்ளதுல எண்பத்து மூணு," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினான்.

அடுத்து பெல்லம் ஏறி, அந்தக் குழலைப் பார்த்துப் பயந்துதான் போலீசைக் கூப்பிட்டேன் என்றார். லோர்னா அவரிடம் கேள்வி கேட்க அனுமதி வாங்கினாள்.

"மிஸ்டர் பெல்லம், வசந்த காலத்துல சுவர்கிட்ட வந்து எங்கிட்ட என்ன கேட்டீங்க?"

"அது... சத்தம் தொந்தரவா இருக்குன்னு சொன்னேன்."

"சத்தமில்லாம பண்ணச் சொன்னீங்களா, இல்லியா?"

"சொன்னேன். ஆனா..."

"பண்ணேன். அப்புறம் சத்தமே கேக்கலன்னு போலீசக் கூப்பிட்டீங்க. நான் எப்படிச் சுட்டா உங்களுக்குப் பிடிக்கும்? கொஞ்சம் பாடிக் காட்டுங்களேன், அதே சுதில சுடறேன்."

தலைமை அம்மாள் பேனாவால் மேசையைத் தட்டினார். ஆனால் அவர் உதட்டிலும் சிரிப்பு எட்டிப் பார்த்தது. மூவரும் உள்ளே போய்ப் பதினைந்து நிமிஷத்தில் திரும்பினார்கள். அந்தக் குழல் ஏர்கன்னோடு மட்டும் பயன்பட்டது, வேறெதற்கும் வைத்திருந்தாள் என்று நினைக்க ஆதாரம் இல்லை, இரண்டையும் உடனே திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவு.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனாள். கவுன்டரில் துப்பாக்கியை மட்டும் வைத்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து கேட்டார்கள்.

"குழல் எங்க?"

"தேடிட்டு இருக்கோம் மேடம். கிடைச்சதும் கூப்பிடறோம். இதுக்குக் கையெழுத்துப் போடுங்க."

"இந்த ஸ்டேஷன்ல எங்கிட்ட கையெழுத்து வாங்கறதுதான் முழுநேர வேலையா?" என்றவள், சுவரோர பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பையிலிருந்து சீஸ் சாண்ட்விச்சையும் பிளாஸ்கையும் எடுத்தாள். மதியம் ஆயிற்று. வீட்டுக்குப் போய்விட்டு நாளைக்கு வரச் சொன்னார்கள், நகரவில்லை. முழங்கால் வலித்தது. எழுந்து நின்று பார்த்தாள், மறுபடியும் உட்கார்ந்தாள். உள்ளுக்குள் ஒரு பயமும் இருந்தது: தொலைந்தே போயிருந்தால்? அதை முகத்தில் காட்டவில்லை.

நாலு மணிக்கு டாரன் ஸ்டாப்ஸ் உள்ளேயிருந்து ஓடிவந்தான். கையில் குழல். திருட்டு மோட்டார்பைக் உதிரிப்பாகங்கள் இருந்த பெட்டியில் கிடந்ததாம். யாரோ சீட்டில் 'சைலன்சர்' என்று எழுதியதைப் பார்த்து அங்கே போட்டிருக்கிறார்கள்.

"நீங்க நாலு மாசமா பயந்துட்டிருந்த ஆயுதம் இதுதானே?" என்றாள் லோர்னா. டாரன் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான். அப்புறம்தான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் விடிந்ததும் கிளைவின் கொட்டகையில் ஏழு எலி விழுந்தது. பெல்லம் சுவருக்கு அந்தப் பக்கம் காப்பிக் கோப்பையோடு நின்றார். லோர்னா கையசைத்தாள். அவர் உள்ளே போய்விட்டார். அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

அந்த வாரமே உத்தரவை நாற்பது நகல் எடுத்து, ஏர்கன் வைத்திருந்த ஒவ்வொரு பண்ணைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். டெரெக் தன் பிரதியை டிராக்டர் கண்ணாடியில் ஒட்டிவிட்டான். விஷயம் தெரிந்து ஃபென்விக் போன் செய்தார்.

"மிஸஸ் ஹெப்டன், அது உங்க வழக்குக்கு மட்டும் போட்ட உத்தரவு. மத்தவங்களுக்கெல்லாம் செல்லாது."

"செல்லாட்டிப் போகுது சார்," என்றாள் லோர்னா. "அடுத்த தடவ யார் வீட்டுக்காவது நீங்க தாள எடுத்துட்டுப் போறப்ப, அவங்களும் ஒரு தாள எடுத்து மேசைல வைப்பாங்க. ஒருத்தர் தாள ஒருத்தர் படிச்சுட்டு அப்புறமா பேசுங்க."