வானத்துக் கோடும் ஸ்டெல்லாக்காவும்

காலையில் கீழ்த்தளத்தில் கொசு மருந்துப் புகை அடித்தார்கள். டீசல் நெடி என் வீடுவரை ஏறி வந்தது. ஜன்னல்களைச் சாத்தினேன். மின்விசிறியைப் போட்டேன், அணைத்தேன், மறுபடி ஒரு ஜன்னலைத் திறந்தேன். அந்த நெடி வந்துவிட்டால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. இந்த வயதிலும் அப்படித்தான்.

எழுபதுகளின் பிற்பாதியில் சிங்கப்பூரின் தேக்கா பக்கம் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். நானும் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாக்காவும் ஒரே எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஒரே ஷிஃப்ட். எனக்குக் கல்யாணமாகவில்லை. அக்காவுக்கு ஆகிச் சில வருஷங்கள். இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது.

இரண்டாவது முறை கலைந்த வாரம் எங்கள் பிளாக்கில் புகை அடித்தார்கள். அதே வாரம் வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. பாயலேபார் விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள் தாழப் பறக்கும், கோடு போடாது. இதுவோ எங்கோ உயரத்தில் போனது. கோடும் கரையாமல் பஞ்சாகப் பரவி நின்றது. இரண்டு பிள்ளை போதும் என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்த காலம் வேறு. மார்க்கெட்டில் மீன் வாங்க வந்த ஒருவர், "கீழே கொசுவுக்கு அடிக்கிறான், மேலே நமக்கு அடிக்கிறான்லா, பிள்ளை பொறக்காம இருக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்டெல்லாக்கா அதைப் பிடித்துக்கொண்டார். மூங்கில் கழியில் காய்ந்த துணியை உள்ளே இழுத்து மறுபடி துவைத்தார். குழாய்த் தண்ணீரைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்தார். பஸ் ஸ்டாப்பில் குடைக்குள்ளிருந்து வானத்தையே பார்ப்பார். வெள்ளையாக எதையாவது கண்டால் வேலைக்கே வராமல் திரும்பி ஓடிவிடுவார். சூப்பர்வைசர் எச்சரித்துவிட்டார்.

என் அண்ணன் விமானம் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தான். அவனிடம் கேட்டேன். "எஞ்சின் எரியும்போது தண்ணி ஆவியும் வரும்லா. அவ்வளவு உயரத்துல ஐஸ் பெட்டியைவிடக் குளிரு. ஆவி உடனே பொடி ஐஸா உறைஞ்சிடும், அதான் கோடு" என்றான். சில கோடு ஏன் மறையவில்லை என்று கேட்டேன். மேல்காற்று காய்ந்திருந்தால் சீக்கிரம் மறையும், ஈரமாக இருந்தால் நின்று பரவும். அவ்வளவுதான்.

முந்தின நாள் கேட்ட பாடத்தை ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி மறுநாள் கையை ஆட்டி ஆட்டி அக்காவிடம் ஒப்பித்தேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"அப்போ அது வெறும் ஐஸா?"

"ஆமாக்கா."

"ப்ளேன் இல்லேன்னா, அப்போ நான்தானே காரணம்?"



இரண்டு நாள் எனக்கு வேலையே ஓடவில்லை. மூன்றாம் நாள், "ஆஸ்பத்திரில கேப்போம்கா, நானும் வரேன்" என்றேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

டாக்டர் மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னார்: கர்ப்பப்பையின் வாய் பலவீனமாக இருக்கிறது, அடுத்த முறை தையல் போட்டுப் பார்க்கலாம், அவர் செய்த எதனாலும் இது நடக்கவில்லை. வெளியே வந்ததும் அக்கா பஸ் ஏற மறுத்தார். சிராங்கூன் ரோட்டில் நகைக்கடைகளைத் தாண்டி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தோம்.

"கடைசியா என்ன சொன்னாரு? திரும்பச் சொல்லு."

சொன்னேன்.

"இன்னொரு தடவை சொல்லு."

நடந்த வழியெல்லாம் சொன்னேன்.

அடுத்த வருஷக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. முழுத் தளமும் எட்டிப் பார்த்தது. சர்ச்சில் தமிழ்ப் பூசை முடிந்து வந்தவர்கள், விபூதி நெற்றிகள், எதிர்வீட்டுச் சீன அம்மா கொண்டுவந்த இஞ்சிக் கஷாயம். கோட்டைப் பற்றி அக்கா பிறகு பேசவே இல்லை. நம்புவதை விட்டாரா, நம்ப நேரமில்லாமல் போனதா, நான் கேட்டதில்லை. குழந்தை பள்ளிக்கூடம் போகுமுன் ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குக் குடிபோனார்கள்.

அந்த பிளாக்கை இடித்துவிட்டார்கள். நாள் முழுக்கத் திறந்துகிடந்த கதவுகளும் அதோடு போயின. இப்போது நான் இருக்கும் தளத்தில் எட்டு வீடுகள். போன மாதம் எதிர்வீட்டுக் கதவு திறந்தபோது, பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குழந்தை ஷூ மாட்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் குழந்தை இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.