இடுப்பில் கட்டிய மோட்டார்

போன வாரம் சுபாங் ஜெயாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகப்பிள்ளை, ஜன்னல் திரைச்சீலை தானாகத் திறந்து மூடுவதற்கு ஏதோ செய்துகொண்டிருந்தார். கைப்பேசியிலேயே ஆர்டர் போட்டாராம், ஐந்து ஸ்டெப்பர் மோட்டார்கள் ஒரே பொட்டலத்தில் வந்து இறங்கியிருந்தன. வெள்ளி நிறத்தில், பிஸ்கட் அளவு. சும்மா உட்கார்ந்திருந்த என்னிடம் ஒன்றைக் கொடுத்து, "கொஞ்சம் பிடிச்சிக்குங்க மாமா" என்றார். பிடித்தேன். சற்று நேரத்தில் உள்ளங்கையில் சூடு ஏறியது. சட்டென்று கீழே போட்டுவிட்டேன்.

"சூடாகும் மாமா, அது நார்மல்தான் லா. ஒண்ணும் ஆகாது."

இதை அந்தக் காலத்தில் எனக்கு எவனாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது. மருமகனிடம் அதையெல்லாம் சொல்ல முடியுமா? தேத்தண்ணி குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு டைப்ரைட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்த நேரம். ஆபீஸ்களிலிருந்து கெட்டுப்போன பிளாப்பி டிரைவ்கள் மூட்டை மூட்டையாக வரும். முதலாளிக்கு அவை குப்பை. எனக்கும் என் சிநேகிதன் குணாவுக்கும் அவைதான் புதையல். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஸ்டெப்பர் மோட்டார் இருக்கும். சாதாரண மோட்டார் கரண்ட் கொடுத்தால் தறிகெட்டுச் சுற்றும். இது அப்படியில்லை. கரண்டில் ஒரு அடி கொடுத்தால் ஒரு படி நகரும், அங்கேயே கெட்டியாக நிற்கும். நூறு அடி கொடுத்தால் நூறு படி. அந்த ஒழுக்கத்தைப் பார்த்து இரண்டு பேரும் சொக்கிப்போனோம். பெண் பார்க்கிற வயசில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குணா ரயில்வேயில் எலெக்ட்ரீசியன். அம்மாவோடும் தங்கை வசந்தியோடும் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை நான் கிள்ளானிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவேன். இருவரும் பாசார் ரோடு கடைகளில் டிரான்சிஸ்டர் பொறுக்கிக்கொண்டு வந்து, அவன் வீட்டுச் சமையல்கட்டு மேசையில் கடை விரிப்போம். ஈயம் உருகும் வாசனையும் அம்மா தாளிக்கும் கருவாட்டுக் குழம்பு வாசனையும் சேர்ந்தடிக்கும். இன்றைக்கும் கருவாடு கொதித்தால் என் கை ஈயம் பற்றவைக்கிற கோலைத் தேடும்.

முதலில் செய்தது, சாமி படத்துக்குப் பின்னால் சுற்றுகிற வண்ணச் சக்கரம். ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன், சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றியது. குணாவின் அம்மா விளக்கேற்ற வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "அட கடங்காரப் பயலுவளா, சாமிக்கே ரிவர்ஸ் கியர் போடுறீங்களா?" என்று கரண்டியோடு துரத்தினார். வசந்தி தையல் மெஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிப்பதற்காகவே இன்னொரு தடவை ஒயரை மாற்றினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வயசாகிவிட்டது, இனி என்ன வெட்கம்.

வசந்திக்கு அப்போது பத்தொன்பது. தலசீமியா. மாதாமாதம் ரத்தம் ஏற்றவேண்டும். ஏற்றுகிற ரத்தத்தின் இரும்பு உடம்பிலேயே தங்கி, கடைசியில் இருதயத்தைக் கெடுக்கும். அதை வெளியேற்ற மருந்து உண்டு. ஆனால் அந்த மருந்தை ஒரே மூச்சில் போட முடியாது, எட்டு மணி நேரம் போல தோலுக்கடியில் மெல்ல மெல்ல இறக்கவேண்டும். அதற்கான பம்ப் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். வாங்க வக்கில்லை. ஆஸ்பத்திரியில் இரவல் கேட்டவர்களின் வரிசையோ நீளம்.

"மெல்ல மெல்ல தள்ளணும், அவ்ளோதானே?" என்றான் குணா. "நம்ம மோட்டார் வேற என்னாடா செய்யுது?"

செய்தோம். ஒரு திருகுக் கம்பி, அதில் ஓடும் ஒரு நட்டு, நட்டு தள்ளும் சிரிஞ்சு. மோட்டார் சில விநாடிக்கு ஒரு படி நகரும். படிகளை எண்ண ஒரு சர்க்யூட், முழு எண்ணிக்கை முடிந்ததும் பச்சை விளக்கு. எல்லாவற்றையும் பேட்டரியோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாவில் அடைத்தோம். வசந்தியே அதற்கு ஒரு துணிப்பை தைத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். வீட்டிலேயே தைக்கிறவள் என்பதால் காலையில் மாட்டினால் சாயங்காலம் கழற்றுவாள். மருந்துத் தூளைத் தண்ணீரில் கலந்து சிரிஞ்சில் ஏற்றுவது அம்மா வேலை. குணா வேலை முடிந்து வந்து, பச்சை விளக்கைப் பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு 'முடிந்தது' என்று எழுதுவான். குவாட்டர்ஸ் முழுக்க அவனைப் பற்றித்தான் பேச்சு. அடுத்த வீட்டு ஆன்டி கேக் செய்து கொண்டுவந்து கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து வசந்தி என்னிடம் தனியாகச் சொன்னாள். "இடுப்பு சுடுதுண்ணே. அண்ணன்கிட்ட சொன்னா கழட்டிப் போட்டுடுவாரு. நீங்க ஏதாச்சும் பண்ணுங்க."

மோட்டார் பகுதி என் பொறுப்பு. ஒரு ரெசிஸ்டர் போட்டுக் கரண்டைக் குறைத்தேன். சூடு தணிந்தது. கரண்ட் குறைந்தால் பலமும் குறையும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். போதும் என்று நினைத்தேன். அடிக்கும் அடிக்கும் நடுவில் கரண்டை நிறுத்தியிருந்தாலே சூடு வந்திருக்காது, திருகு தானாகவே பிடித்துக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க மேதாவியாக இருக்கவேண்டியதில்லை. எனக்குத் தோன்றவில்லை.

அந்த மோட்டாரின் குணத்தில் ஒரு கோளாறு உண்டு. பாரம் தாங்காமல் முக்கினால் படி நகராது, ஆனால் நகரவில்லை என்று யாருக்கும் சொல்லவும் சொல்லாது. சர்க்யூட் பாட்டுக்குக் கொடுத்த அடிகளை எண்ணிக்கொண்டே போகும்.

ஒரு நாள் நாலு மணி வாக்கில், குணா வேலையிலிருந்து வருவதற்கு முன், டப்பாவைச் சோதிக்கப் போனேன். அம்மா பாசாருக்குப் போயிருந்தார். வசந்தி பின்பக்கச் சாக்கடை ஓரம் குந்தியிருந்தாள். கையில் சிரிஞ்சு. பாதி மருந்தைச் சாக்கடையில் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். டப்பாவில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"என்ன பண்ற?"

அவள் பயப்படவில்லை. "ரொம்ப நாளா இப்படித்தாண்ணே. லைட்டு எரிஞ்சிடுது, மருந்து பாதி அப்படியே நிக்குது. அண்ணன் பாத்தா ஒடஞ்சு போயிடுவாரு. ஊர் பூரா சொல்லி வச்சிருக்காரு."

"அதுக்காக கொட்டுவியா? பைத்தியமா நீ?"

"பாதி மருந்துன்னா வீக்கமும் பாதிதானே" என்று சிரிக்கப் பார்த்தாள். வயிற்றில் ஊசி குத்திய இடமெல்லாம் கட்டி கட்டியாக இருந்தது அவளுக்கு. "சொல்லாதீங்கண்ணே. நீங்களே சரி பண்ணிடுங்க."

சரி என்றேன். பிரிண்டரிலிருந்து பெரிய மோட்டார் கிடைத்தால் மாற்றிவிடலாம் என்று திட்டம். தேடினேன், ஒன்று கிடைக்கவும் செய்தது. ஆனால் அதற்கு டப்பா போதாது, எல்லாவற்றையும் பிரிக்கவேண்டும், பிரித்தால் குணா ஏன் என்று கேட்பான், என் ரெசிஸ்டர் வெளியே வரும். இந்த வாரம் அடுத்த வாரம் என்று மூன்று மாதம் ஓட்டினேன். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு ரகசியம் இருந்தது எனக்கு உள்ளூரப் பிடித்தும் இருந்தது. என்னைப்போல ஒரு ஈனப்பயலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பரிசோதனையில் இரும்பு குறையவில்லை. மருந்து சரியாகப் போகிறதா என்று டாக்டர் கேட்டார். குணா நோட்டுப் புத்தகத்தைக் காட்டினான். ஒரு நாள்கூட விடாமல் 'முடிந்தது'. அடுத்த மழைக்காலம் வருவதற்குள் வசந்தியின் இருதயம் நின்றுவிட்டது. மருந்து ஆரம்பித்ததே தாமதம்தான் என்றும் அந்த டாக்டர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் பல வருடம் தூங்கியிருக்கிறேன்.

காரியம் முடிந்த மறுநாள் குணா டப்பாவைச் சமையல்கட்டு மேசையில் வைத்து ஓட்டினான். சிரிஞ்சு இல்லை, பாரம் இல்லை. மோட்டார் ஒரு படி தவறாமல் ஓடியது. திரும்பத் திரும்ப ஓட்டினான்.

"பாத்தியா? மெசின் கரெக்டா ஓடுது. எழுதி வச்சதும் கரெக்ட்டு. அப்புறம் எங்கடா தப்பு?" நான் மேசையில் கிடந்த ஒயர்த் துண்டைச் சுருட்டினேன். அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். "ஒனக்குப் படிக்கத் தெரியாதும்மா. தண்ணிய அதிகமா ஊத்திட்ட. அதான்."

அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அவன் அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டான். கொஞ்ச நாளில் ஜெஞ்சாரோமில் அவருடைய தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டான். சில வருடம் கழித்து, மனசு தாங்காமல் நான் அங்கே போனேன். ரெசிஸ்டரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, பிறகு குணாவையும் கூட்டிவருவது என்று பஸ்ஸில் போகும்போதே மனப்பாடம் செய்திருந்தேன். அம்மா என்னை முடிக்கவிடவில்லை.

"எனக்குத் தெரியும் தம்பி. கடைசி நாள்ல அவ சாக்கடையில ஊத்துறத பாத்துட்டேன். கேட்டேன், அழுதா, எல்லாத்தையும் சொன்னா."

"அப்புறம் ஏம்மா சொல்லல? பழிய நீங்க சுமந்துக்கிட்டு..."

"தங்கச்சிய தன்னோட மெசினே கொன்னுடுச்சுன்னு தெரிஞ்சா அவன் உசுரோட இருப்பானா? நான்தான்னு நெனச்சா என்னைத் திட்டுவான், அவ்ளோதான். திட்டட்டுமே. நீயும் சொல்லிப்புடாத ஐயா." கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். காப்பி கொடுத்து அனுப்பினார்.

அவர் போய்ப் பல வருடமாகிவிட்டது. குணா வந்தான், கொள்ளி வைத்தான், அழாமல் திரும்பிப் போனான். குவாட்டர்ஸை இடித்து, அந்தச் சாக்கடை இருந்த இடத்தில் என்னென்னவோ கட்டிடங்கள் வந்துவிட்டன, எது எங்கே இருந்தது என்று எனக்கே அடையாளம் தெரிவதில்லை. டைப்ரைட்டர் கடை இல்லை, பிளாப்பி என்று ஒன்று இருந்ததே இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. குணா மட்டும் வருடத்துக்கு ஒருமுறை தீபாவளிக்குப் போன் செய்வான். இந்த வருடம் பேச்சு முடிகிற நேரத்தில், இத்தனை காலம் கேட்காததைக் கேட்டான்.

"நீ ஒரு தடவை ஜெஞ்சாரோமுக்குப் போனியாமே. சின்னம்மா சொன்னாங்க. அம்மா என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஒண்ணும் சொல்லலடா" என்றேன். "காப்பி கொடுத்தாங்க."