பெரிய வெள்ளியன்று விழுந்த கோடு

எதையாவது அனுப்பிவிட்டால் சுகிர்தா உடனே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். செருப்புக் கம்பெனியில் வருகைக் கணக்கு எழுதிய காலத்திலிருந்தே இந்தப் பழக்கம். பதில் வருவதற்குள் திட்டு வாங்கியவள் போல முகம் சுருங்கிவிடும். பார்த்துப் பார்த்து அண்ணி ஞானசுந்தரிக்கு அலுத்துப்போயிற்று.

பத்தாவதோடு நின்றவள் சுகிர்தா. விடியுமுன் கம்பெனி வேனில் ஏறினால் இருட்டிய பிறகுதான் உத்திரமேரூரில் இறங்குவாள். அந்த வேனில் இடிபட்டுக்கொண்டே வீடியோ பார்த்துப் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றாள். அதை நம்பிச் சென்னையில் ஒரு சின்ன முதலீட்டு ஆலோசனை நிறுவனம் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை தந்தது. பங்குச் சந்தை மூடியதும் அன்றைய விலைகளை இறக்கி, பைத்தானில் ஏற்றி, கோட்டுப் படமாக வரைந்து வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப வேண்டும். மூன்று மாதம் பார்ப்போம் என்றிருந்தார்கள். சரிவரவில்லை என்றால் மறுபடி வேன்தான்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை மாலை, எல்லாம் அனுப்பிய பிறகுதான் ஒரு படத்தைத் திறந்து பார்த்தாள். வியாழன் வரை நிதானமாக வந்த கோடு வெள்ளியன்று தொப்பென்று தரையில் விழுந்து, திங்களன்று எழுந்து நின்றது. அடுத்த படமும் அப்படியே. அதற்கடுத்ததும்.

பெரிய வெள்ளிக்குச் சந்தை விடுமுறை. அன்று விலையே கிடையாது. சனி, ஞாயிறு தவிர எந்த நாளின் கட்டம் காலியாக இருந்தாலும் பூஜ்ஜியம் போடு என்று பைத்தானில் எழுதி வைத்தவள் அவளேதான். வருகைக் கணக்கில் அதுதான் வழக்கம். காலி என்றால் ஆள் வரவில்லை.

"இன்னா, பேயப் பாத்த மாரி கீற?" என்றாள் ஞானசுந்தரி.

"எல்லா கம்பெனியும் வெள்ளிக்கெயம ஒண்ணுமில்லாம பூட்ச்சுன்னு அனுப்பிட்டேன் அண்ணி."

"அன்னிக்கு எங்கூட சர்ச்சுலதான குந்திக்கினு இருந்த? அங்கருந்தேவா கவுத்த?"

சுகிர்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. யாராவது பயந்துபோய்க் காலையில் இருப்பதையெல்லாம் விற்றுவிட்டால்?

"நீயே பேசிடு. ஆபீஸ்லருந்து அவங்க கூப்ட்டா நீ வாயே தொறக்க மாட்ட" என்று அண்ணி போனை அவள் கையில் திணித்தாள்.

சென்னையில் ஜலஜா எடுத்தாள். அவள்தான் மேலாளர்.

"மேடம், நான் அனுப்பின படமெல்லாம் தப்பு. யாரும் நம்ப வேணாம்னு சொல்லிடுங்க. தப்பு என்னுதுதான்."



"இப்பதான் ஒரு பெரியவர் அழுதுண்டே போன் பண்ணினார்" என்றாள் ஜலஜா. "அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்க்க மாட்டியா?"

"பாக்கல மேடம்."

"சரிபண்ணி அனுப்பு. எனக்கு மட்டும்."

விலையில்லாத நாளை விட்டுவிடு என்று மாற்றி எழுதினாள். அவசரத்தில் எழுத்துகள் தப்பின. அழித்து அழித்து அடித்தாள்.

வேலை போகவில்லை. மூன்று மாதம் பார்ப்போம் என்றதை ஆறு மாதமாக நீட்டியிருக்கிறார்கள். இப்போதெல்லாம் அவள் வரையும் படம் ஜலஜா பார்த்த பிறகே வெளியே போகிறது. அந்தப் பெரியவர் கணக்கை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார். சுகிர்தாவுக்குப் பயம் இன்னும் போகவில்லை.