மூன்று சென்சாரும் ஒரு மனைவியும்

நெல் மூட்டைகளில் வண்டு விழாமல் இருக்கப் போடுகிற பாஸ்பீன் வாயுவை எங்கள் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கிறோம். கசிந்தால் ஆளைக் கொல்லும். அதனால் அறைக்குள் மூன்று சென்சார். ஒன்று கசிவு என்றால் மணி மட்டும் அடிக்கும். இரண்டு சொன்னால்தான் வால்வு தானாக மூடும். ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டும் காப்பாற்றிவிடும். அதைப் பொருத்தியவர்களில் நானும் ஒருவன், அந்தக் கர்வம் கொஞ்சம் உண்டு.

தை மாதம் பக்கத்து வயலில் அறுவடை மெஷின் இறங்கினால் நெல் சுணை பறந்து வந்து சென்சாரில் அப்பும், சும்மா சும்மா மணி அடிக்கும். அப்போது வாயுவை நிறுத்திவிட்டு சென்சாருக்கு பாலித்தீன் கவர் கட்டுவோம். நிறுத்தாமல் கட்டக் கூடாது.

அன்றும் மெஷின் இறங்கியிருந்தது. அன்றுதான் என் மனைவி வளைகுடாவுக்குத் திரும்புகிற நாள். அங்கே நர்ஸ். வருஷத்தில் ஒரு மாதம்தான் என்னோடு இருப்பாள். அவள் போனபின் அவள் தலையணை உறையைப் பல நாள் துவைக்கப் போடமாட்டேன். குடவாசல் வீட்டிலிருந்து தன் தம்பியோடு காரில் கிளம்பிவிட்டாள். நான் தஞ்சாவூர் ஆய்வுக்கூடத்திலிருந்து நேரே திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போவதாக ஏற்பாடு. சோதனையை நிறுத்தினால் மறுபடி தொடங்க அரை நாள் போகும். பொய் மணி அடித்தாலும் கிளம்ப முடியாது. புத்தி எங்கே போயிற்றோ, வாயு ஓடும்போதே கைக்கெட்டிய இரண்டுக்கும் கவர் கட்டினேன். மூன்றாவது உயரத்தில் இருந்தது, ஏணி எடுக்கச் சோம்பல்.

பையை மாட்டும்போது அந்த மூன்றாவது அடித்தது. சுணைதான் என்று சொல்லிக்கொண்டேன். ஆனாலும் பையை இறக்கி வைத்தேன். வெளியே இருந்த பொத்தானை அழுத்தி வால்வை மூடினேன். உடன் வேலை பார்க்கும் பெண்ணை வாசலில் நிறுத்தி, மூச்சுக்கருவி மாட்டி உள்ளே போய் கவர்களை அவிழ்த்தேன். மற்ற இரண்டும் அலறின.

காற்று சுத்தமாகும்வரை இரண்டு பேர் இருந்தாக வேண்டும். அந்தப் பெண், "நீங்க கிளம்புங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றாள். அழுகை வந்துவிட்டது. கவர் கட்டியது நான்தான் என்று அவளிடம் சொன்னேன், பதிவேட்டிலும் எழுதினேன். போகவில்லை.

மாலையில் மனைவியின் போன். கசிவு என்று மட்டும் சொன்னேன்.

"உங்க முகத்தைப் பாத்துட்டுப் போலாம்னு வாசல்லயே நின்னேங்க. உள்ள போகச் சொல்லிட்டாங்க" என்றாள். பிறகு மெதுவாக, "நல்லவேளை, நீங்க அங்க இருந்தீங்க."

இல்லையடி என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் அதைச் சொல்ல வேண்டும். அதற்கு இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது.